என் மகள் பழமைவாதியான கதை

பத்தாவது படிக்கும் என் மகள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அமெரிக்காவில் இந்த வெஸ்ட் வின்ட்சர் ஊருக்கு வந்த நாள் முதல் எல்லா ஆசிரியர்களும் சொல்லும் புகார் இது. அப்படிப்பட்டவள் போன மாதம் ஒருநாள் காரில் ஏறியதும் ஏறாததுமாக, "அம்மா, ஐ காட் சோஷலிஸ்ட்" என்றாள், லாட்டரி விழுந்தவள் போல.

வரலாற்று வகுப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பிள்ளைகளே நடித்து விவாதிக்க வேண்டும். மன்னராட்சியைத் தாங்கும் பழமைவாதி ஒருவர், சுதந்திரச் சந்தையும் நாடாளுமன்றமும் கேட்கும் தாராளவாதி ஒருவர், சிதறிக் கிடக்கும் நாட்டை ஒன்றாக்கத் துடிக்கும் தேசியவாதி ஒருவர். இவள் பஞ்சாலைத் தொழிலாளி, சோஷலிஸ்ட். வீட்டில் அதே பேச்சுதான். குளியலறைக் கண்ணாடி முன்னால் முதலாளிகளைக் காய்ச்சி எடுத்தாள். தாராளவாதி கேட்கும் ஓட்டு சொத்து உள்ளவனுக்கு மட்டும்தானே என்று சாப்பாட்டு மேசையில் தன் அப்பாவை மடக்கினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சிவப்பு அட்டையில் கோஷம் எழுத ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கைக்குழந்தையாக இவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா என்று அதற்கான விண்ணப்பத்தில் கேட்பார்கள். விவாதத்தையோ வீடியோ எடுத்துப் பள்ளி இணையதளத்தில் போடப்போகிறார்களாம்.

"ஸ்கூல் டிராமாவை எவன் செக் பண்ணப்போறான்? உனக்கென்ன பைத்தியமா?" என்றார் கணவர்.

"உங்களுக்கென்ன, ஏதாவது ஆச்சுன்னா பெட்டி கட்டப்போறது நான்தானே" என்றேன்.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். குடும்பக் காரணம் என்று மட்டும் எழுதினேன். மறுநாளே அவளைப் மன்னரின் பழமைவாத அமைச்சராக மாற்றிவிட்டார்கள்.

காரணத்தை அவளிடம் சொன்னேன்; சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். "யூ குட் ஹேவ் ஆஸ்க்ட் மீ" என்று சொல்லிவிட்டு அட்டையைக் குப்பையில் போட்டாள். கத்தியிருந்தால் தேவலை. அன்று முதல் குளியலறையில் சத்தமே இல்லை. ஆனாலும் இன்னொரு மின்னஞ்சல் எழுத மனம் வரவில்லை, அவ்வளவு பிடிவாதம்.

விவாதத்தன்று பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். என் மகள் எழுந்து ஆங்கிலத்தில் பேசினாள். அவசரப்பட்டு எதையும் கேட்காதீர்கள், கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள், அதுவரை யார் கண்ணையும் உறுத்தாமல் இருங்கள். தடுமாறவே இல்லை. எப்படித் தடுமாறுவாள்? வீட்டில் நான் ஓதுகிற பாடம்தானே அது. பக்கத்திலிருந்த அமெரிக்கத் தாய் ஒருத்தி, பிரமாதமாக நடிக்கிறாள் என்று என்னைப் பாராட்டினாள். எனக்கு உடம்பே கூசியது.

கடைசியில் யார் வாதம் பிடித்தது என்று வகுப்பைக் கை தூக்கச் சொன்னார்கள். சோஷலிஸ்ட் என்றதும் பல கைகள் எழுந்தன. அமைச்சர் கோட்டுக்குள்ளிருந்து என் மகளின் கையும் எழுந்தது. நல்லவேளை, அந்த மட்டிலாவது நான் அவளைக் கெடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது கார் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனைத் தாண்டியதும் மகள் தமிழில் ஆரம்பித்தாள். பயந்துபோனால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"அம்மா, நான் கை தூக்கினது வீடியோல வந்திருக்கும். நம்ம கிரீன் கார்டுக்கு என்னால ஏதாவது ஆயிடுமா?"