இளவரசருக்கு முன்னால் போன பேண்டு செட்

போன வாரம் ஒரு நாள் நான் தலைதெறிக்க ஓடினேன். மூளைக் கோளாறு இல்லை, நம்புங்கள். காரணம் ஓர் இளவரசர்.

என் மச்சினன் சேகருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேக்டரியில் அட்மின் வேலை. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான். இந்த நேரம் பார்த்து, கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் வெளிநாட்டு இளவரசர் விசிட் வந்தார். அவருடைய தாத்தாவின் முடிசூட்டு விழாவுக்காக எழுதிய இசையை, அவர் காரிலிருந்து இறங்கும்போது வாசிக்க வேண்டுமாம். அசலில் அது எண்பது பேர் வாசித்த ஆர்கெஸ்ட்ரா. சேகருக்குக் கிடைத்தது மணவாள நகர் கல்யாண பேண்டு செட், எட்டே பேர். சிபாரிசு செய்தது யார்? சாட்சாத் நான்தான்.

பேண்டு மாஸ்டர் ஏழுமலை செல்போனில் கேட்டுக் கேட்டே பிடித்துவிட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து நாலு நாள் ரிகர்சல். பிசிறே இல்லை. ஆனாலும் ஏதாவது சொதப்பினால் வீட்டில் என் மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன்?

சிபாரிசு செய்த பாவத்துக்கு அன்றைக்கு நானும் ஃபேக்டரியில் போய் நின்றேன். கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. இளவரசர் இறங்கினார். டிரம்பெட் கம்பீரமாக எழும்பியது. நின்ற இடத்திலேயே வாசிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

டிரம் மூன்று தட்டு தட்டியதும் எட்டுப் பேரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முன்னால் நடந்தே வாசித்துப் பழகிய கால்களாயிற்றே! ஊர்வலத்தில் அவர்கள் திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. இதுதான் இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று இளவரசரும் பின்னாலேயே நடந்தார் — மெயின் கேட்டை நோக்கி. வெளியே கன்டெய்னர் லாரிகள் பறக்கிற ரோடு.

செக்யூரிட்டிக்காரர்கள் பதறினார்கள். அரச இசையை நடுவில் நிறுத்தலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. சேகரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, என் வேலை போச்சு."

கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கல்யாண பேண்டு எதைப் பார்த்தால் நிற்கும்? வரவேற்புக்கு வைத்திருந்த ஆரத்தித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, கேட்டை மறித்து நின்றேன். மண்டப வாசல் வந்துவிட்ட மாதிரி பேண்டு சட்டென்று நின்றது. இளவரசரும் நின்றார். மூச்சு வாங்க நானே ஆரத்தி சுற்றினேன்.

ஏழுமலைக்கு நடந்தது எதுவுமே உறைக்கவில்லை.

"இன்னா சார், இப்டி வேர்த்துக்கினு கீறீங்க? ராஜா சோக்கா நடந்தாரு. நம்ம மாப்பிள்ளைங்கதான் செல்ஃபிக்கு நின்னுக்கினே இருப்பாங்க."

இளவரசர் சேகரின் கையைக் குலுக்கி, வாய்விட்டுச் சிரித்துவிட்டுத்தான் போனார். பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரிக்கவில்லை.

வேலையை நிரந்தரமாக்கும் பேப்பரில் கையெழுத்துப் போடப்போவது இளவரசர் இல்லையே!