ஜஹபர் நிஷாவின் அடுப்புப் புகை

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த மறுவாரமே ஜஹபர் நிஷா, அவர் விட்டுப்போன ரொட்டி அடுப்பை மூட்டினார். 1957 கார்த்திகை. மழை விட்டபாடில்லை. புகைபோக்கியில் வெள்ளையாகத் திரண்ட புகை மேலே போகாமல் சந்துக்குள் இறங்கியது. அக்கம்பக்கத்தார் இருமினார்கள். ரொட்டியின் அடிப்பக்கம் வேகாமல் வெளுத்திருந்தது. பொம்பளைக்கு அடுப்பை ஆளத் தெரியவில்லை என்றது தெரு.

மூன்றாம் வாரம் சுகாதார அதிகாரி ஜானகிராமன் பிரெஞ்சுக்காரர் ஊரைவிட்டுப் போய் மூன்று வருடமாகியும் பிரெஞ்சிலேயே எழுதிய ஒரு தாளோடு வந்தார். அடுப்பை இடிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"படிக்கத் தெரியாத தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுப்பு எங்க மாமனார் கட்டுனது, முப்பது வருஷமா புகையல. உள்ள போற வெறகப் பாருங்க ஐயா," என்றார் நிஷா.

இருபது வருடம் அந்த அடுப்புக்கு விறகு தள்ளிய கை அது. ஒரு சவுக்குக் கட்டையை நெருப்பில் வைத்துக் காட்டினார். வெட்டுமுனையில் நீர் நுரைத்து வழிந்தது. இந்தத் தண்ணீரை விரட்டவே நெருப்பின் சூடெல்லாம் போய்விடுகிறது, எரியாமல் மிஞ்சுவதுதான் புகை என்றார். ஜானகிராமன் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

அவருக்கு விறகு போட்டுவந்த விறகுத்தொட்டிக்காரர் ஆதிமூலம், மழைக்காலத்தில் எல்லா விறகும் இப்படித்தான் என்று சாதித்தார். அவர் அனுப்பிய அடுத்த வண்டியை நிஷா வாசலிலேயே திருப்பிவிட்டார். அதன்பின் டவுனில் எந்தத் தொட்டியும் அவருக்கு விறகு கொடுக்கவில்லை. பழைய படகுப் பலகை மலிவாக வந்தது, நன்றாகக் காய்ந்தும் இருந்தது. தார் பூசிய மரம் எரிந்தால் ரொட்டியைத் தின்கிறவனுக்குக் கேடு என்று அதையும் மறுத்தார்.

பிள்ளைச்சாவடித் தோப்பு ஒன்றில், கோடையில் வெட்டிய சவுக்கு கொட்டகைக்குள் கிடப்பதாகக் கேள்விப்பட்டு நேரே போனார். வாங்கிவந்து, மெல்லிசாகப் பிளந்து, காற்று நுழையும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டார். இரண்டு வாரம் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கடையை மூடிவிட்டாள் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

தவணை முடிந்த அன்று ஜானகிராமனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். புகைபோக்கிக்கு மேல் வெறும் வானம். அடுப்பு எரிகிறதா என்று அவர் சந்தேகத்தோடு கேட்டார்.

"கைய நீட்டிப் பாருங்க."

நீட்டியவர் சூடு தாங்காமல் சட்டென்று இழுத்துக்கொண்டார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"இனிமே புகார் வந்தா தமிழ்ல எழுதிக்கிட்டு வாங்க," என்றார் நிஷா.

சித்திரையில் ஆதிமூலமே காய்ந்த விறகோடு வந்து நின்றார். நிஷா ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கவிட்டார். 1961இல் அதே சந்தில் இரண்டாவது அடுப்பையும் கட்டினார், முதலாவதைவிடப் பெரியதாக.