சால்வையும் யானையும்

செஸ் நடுவர் வேலை என்பது, இரண்டு பேர் வாய் திறக்காமல் போடும் சண்டையை மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும். எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு போட்டி. கடைசிச் சுற்றில் ஜெயிப்பவருக்கு மாவட்ட அணியில் இடம்.

முதல் நகர்த்தல்

கறுப்புக் காய் மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பழனிச்சாமிக்கு. போன வருஷமும் கடைசிச் சுற்றில் தோற்றவர். இந்தத் தடவையும் போனால் போர்டை அடுப்பில் போட்டுவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். வெள்ளைக் காய் சேலம் துணிக்கடைக்காரர் ராமலிங்கத்துக்கு. எப்போதும் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளித்தான் ஆரம்பிப்பார்.

அன்றைக்கு ராஜாவின் சிப்பாயைத் தள்ளினார். பழனிச்சாமிக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. கடிகாரம் ஓடுகிறது, கை நகரவில்லை. பேசக்கூடாது என்பதையும் மறந்து என்னைப் பார்த்துப் புலம்பினார்: "ஏனுங்க, வருசம் பூரா ராணிச் சிப்பாய்க்குத்தானுங்க படிச்சிட்டு வந்தேன்!"

சால்வை

பழனிச்சாமி எப்படியோ சமாளித்து ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். ராமலிங்கம் லாட்ஜில் இரவல் வாங்கிய சால்வையில் நடுங்கிக்கொண்டிருந்தார். காப்பியை எடுக்கத் திரும்பியபோது சால்வை நுனி பட்டு அவருடைய ராஜாவே சாய்ந்தது.

"தொட்ட காயை ஆடோணுமுங்க!" என்று பழனிச்சாமி எழுந்துவிட்டார். ராஜாவை நகர்த்தினால் ராமலிங்கம் காலி. என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கையால் தொட்டால்தான் கணக்கு, சால்வை பட்டால் இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ராமலிங்கம் பழனிச்சாமியை முறைத்தார்: "குளுருக்குப் போத்துனது ஒரு குத்தமாங்க?"

யானை

பிறகு ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்தது. ராமலிங்கம் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். பழனிச்சாமி கோட்டை கட்டப் போனார். ராஜாவை மூலையில் பத்திரமாக ஒதுக்கும் அந்த நகர்த்தலில் ராஜாவைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அவசரத்தில் யானையைத் தொட்டுவிட்டார். தொட்டால் யானையை மட்டும்தான் நகர்த்தலாம். ராஜா நடுவிலேயே நிற்க வேண்டியதுதான்.

எதிராளி பார்க்கவில்லை. பார்த்தது நான் ஒருவன். பழனிச்சாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கோட்டையைக் கட்டித் தொலையுங்கள் ஐயா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் யானையை மட்டும் நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. மாவட்ட அணியில் இடம் ராமலிங்கத்துக்கு. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பழனிச்சாமியை வாசலில் மடக்கி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். போர்டைக் கக்கத்தில் இடுக்கியபடி சொன்னார்: "நீங்கதானுங்களே சொன்னீங்க? இது சால்வை இல்லீங்க, கை."

நடுவராக இருப்பவர் விதிகளை இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தொலைக்கக் கூடாது, யாராவது ஒருவர் கேட்டு நடந்துவிடுகிறார்.