பூஜையில் உட்கார்ந்த மேனுவல்

விமானம் பறக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பவர் விமானிதான் என்று நினைப்பவர்கள் திருத்தணி கோமளவல்லியைப் பார்த்ததில்லை. திருவிழா ராட்டினத்தில் ஏறச் சொன்னால்கூடப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கிவிடும் ஆள். ஆனால் எழுபதுகளில், அரக்கோணத்துக்கு வெளியே யுத்த காலத்து ஓடுதளத்தின் ஒரு மூலையில், பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் இரண்டை வைத்திருந்த கம்பெனியில், அவர் தலையசைக்காமல் ஒரு சக்கரமும் உருண்டதில்லை.

வேலை என்னவோ புத்தகம் பார்த்துக்கொள்வது. புத்தகப்படிதான் வேலை நடந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். எந்த உறுப்பை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று சொல்லும் தடித்த புத்தகங்கள், மேனுவல் என்பார்கள். மற்ற புத்தகங்கள் அச்சானதோடு சரி, தப்பும் தவறுமாகவே காலம் தள்ளிவிடும். மேனுவலுக்கு அந்தச் சுகம் கிடையாது. விமானம் செய்த சீமைக் கம்பெனிக்குப் புத்தி தெளியும்போதெல்லாம் தபாலில் புதுப் பக்கங்கள் வரும். பக்கங்களைக் கோத்திருக்கும் இரும்பு வளையத்தைத் திறந்து பழையதை உருவிவிட்டுப் புதியதைக் கோக்க வேண்டும். உருவியதைக் கொளுத்திவிட வேண்டும். கோமளவல்லி கொளுத்தியபின் சாம்பலையும் கிளறிப் பார்ப்பார். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் மகள். அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் மேலே நெய்வது அவர் வீட்டில் கெட்ட வார்த்தை.

ஒரு ஆடிக்கிருத்திகையன்று மெட்ராஸிலிருந்து மேனுவல் பார்சலை அவரே எடுத்து வந்தார். ரயில் பூராவும் காவடி. வைக்க இடமில்லாமல் தலையில் வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து ஒரு அம்மாள், "இன்னா வேண்டுதல்மா?" என்று கேட்டாராம்.

"ஏரோப்ளேன் வுழக்கூடாதுன்னுதாம்மா."

வருத்தமெல்லாம் ஒரு ஆயுத பூஜையன்று வந்தது. தலைமை மெக்கானிக் எல்லப்பன், கோமளவல்லியின் அக்கா வசந்தியின் கணவர், அவருக்குப் பாவா. பக்திமான். ஸ்பேனர், சுத்தியல், மேனுவல் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் தெளித்துக் காலையிலேயே கற்பூரம் காட்டிவிட்டார். பத்து மணிக்குத் தந்தி: ஆந்திரா பக்கம் பருத்தியில் புழு, உடனே விமானம் வேண்டும். மற்றது வெளியூர் போயிருக்க, கையில் இருந்தது சோதனைக்காக வாலைக் கழற்றிப் போட்டிருந்த விமானம். எல்லப்பன் ஸ்பேனரை எடுத்தார், மாட்டி முடித்தார். விமானிக்குப் பின்னால் இருந்த குட்டி இருக்கையில் அவரும் கிளம்ப வேண்டும்.

"பாவா, புஸ்தகம் பாக்காமலா மாட்டினீங்க?" என்றார் கோமளவல்லி.

"பூஜையில கீதும்மா. நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்."

"பழைய பக்கமா, புதுப் பக்கமா?"

"புதுசு எங்க வந்துச்சு?"

வந்திருந்தது. முந்தின நாள் கடைசித் தபாலில் வந்த கவரையும் எழுத்து உள்ள பொருளாயிற்றே என்று எல்லப்பனே பூஜையில் வைத்துவிட்டார். பிரிக்காத உறை, சீமைத் தபால்தலையில் குங்குமப் பொட்டோடு, மேனுவலின் மேல் உட்கார்ந்திருந்தது. கோமளவல்லி கை நீட்டினார். எல்லப்பன் குறுக்கே வந்தார்.

"தொடாத கோமளா! இன்னிக்குப் புஸ்தகம் தொறந்தா படிப்பு வராது."

"படிச்ச வரைக்கும் போதும் பாவா. ஆமா, ஸ்பேனரும் பூஜையிலதான இருந்துச்சு? அதுக்கு மட்டும் சாமி லீவு குடுத்துச்சா?"

"அது இரும்பு. இது சரஸ்வதி."

"இரும்புக்குக் காலைல கற்பூரம் காட்டுனது யாரு, பக்கத்து வூட்டுக்காரனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மானேஜர் நாகேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. "கையெழுத்தைப் போடும்மா. புழு காத்துகினு இருக்காது."

"பின் சீட்ல நீங்க போறீங்களா சார்?"

மானேஜர் வானிலையைப் பார்க்க வெளியே போனார்.

கோமளவல்லியின் குரல் இறங்கிவிட்டது. "ஏதாவது ஆச்சுன்னா எங்கக்காவுக்கு நான் இன்னா சொல்றது பாவா? பூஜையில இருந்துச்சு, அதான் படிக்கலன்னா?"

எல்லப்பன் வழி விடவில்லை. கோமளவல்லி அவரைச் சுற்றிக்கொண்டு போனார். ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த விமானக் கொட்டகையில் அந்த வருஷம் விஜயதசமி ஒரு நாள் முன்னதாக வந்தது. உறையைக் கிழித்தார்.

அதில் ஒரு பக்கம் வால் போல்டுகளைப் பற்றியது. நன்றாக இருந்தால் அதையே திரும்ப மாட்டலாம் என்றது எல்லப்பனின் மனப்பாடம். கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுப் புதியது மாட்டு என்றது புதுப் பக்கம். எல்லப்பன் அதை இரண்டு தடவை படித்தார். ஸ்டோருக்குப் போய்ப் புது போல்டுகளை எடுத்துவந்து வாலுக்கடியில் படுத்தார். விமானம் சாயங்காலம் போனது. மறுநாள் மருந்து வாடையோடு திரும்பியும் வந்தது.

கழற்றிய போல்டில் ஒன்றை எல்லப்பன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். கழித்ததை எல்லாம் சாம்பலாக்கும் கோமளவல்லி அதை மட்டும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், பந்தியில் உட்கார்ந்ததும் எல்லப்பன் அதை எடுத்து நீட்டுவார்.

"பாரு, ஒரு கீறல் கெடையாது. இதுக்கா சாமிய எழுப்புன?"

"ஆங், உங்க மேலயுந்தான் ஒரு கீறல் இல்ல," என்று சொல்லிக்கொண்டே கோமளவல்லி அவர் இலையில் இன்னொரு வடையை வைப்பார்.