கண்ணுவலி என்று சொன்னது

மெஷின் விட்டதை ஜெயலெட்சுமி பிடிப்பாள் என்று பாயான் பாரு ஃபேக்டரியில் ஒரு பேச்சு உண்டு. மகள் காமினி வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே அவளுக்கு ஒரே வேலைதான். மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்து, நகத்தைவிடச் சின்ன எலக்ட்ரானிக் சில்லுகளில் மயிரிழை வெடிப்பு தேட வேண்டும். பழகியவர்களின் பெயரைக்கூட மறந்துவிடுவாள். வெடித்த சில்லு மட்டும் அவளைத் தாண்டிப் போனதில்லை.

கொரோனா வந்து ஊர் அடைபட்ட பிறகும் அந்த ஃபேக்டரி பாதி ஆட்களோடு ஓடியது. எல்லோருக்கும் மாஸ்க் கட்டாயம். மூச்சு மேலே ஏறி மைக்ரோஸ்கோப் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. பக்கத்து நாற்காலி சலேஹாதான் மாஸ்க்கின் மேல் விளிம்பை மூக்கோடு டேப் வைத்து ஒட்டக் கற்றுக்கொடுத்தாள். ஒட்டிய பிறகும் ஜெயலெட்சுமிக்கு வலக்கண்ணில் மங்கல் போகவில்லை. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தெருவிளக்கைச் சுற்றி வானவில் போல வட்டம் தெரிந்தது. அதையும் மாஸ்க்கின் தலையிலேயே போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம், ஹாலில் விளக்குப் போடாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வலக்கண்ணுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலி எடுத்தது. கண் ரத்தமாகச் சிவந்தது.

கணவன் மோகனராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

"கண்ணுவலி லா இது. என்னைப் பாக்காத ஜெயா, எனக்கும் ஒட்டிக்கும்."

"வீட்டுக்குள்ள கூலிங் கிளாஸு. மொகரையப் பாரு, பெரிய ஹீரோ!"

சிரிக்கப் போனவள் அப்படியே எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலை அவளே கண் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். "சாக்கிட் மாத்தா" என்று மலாயில் சொன்னாள். அவளிடம் வேறு சொல் இல்லை. கண்ணுவலி என்றால் நம் வீடுகளில் பீளை கட்டி, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் கண்ணோய்தான். மலாய்க்காரர்களுக்கும் சாக்கிட் மாத்தா அதுவே. கண்ணுக்குள் நிஜமாகவே வலித்தாலும் இரண்டு பாஷையிலும் அதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். கண் சிவந்தால் கொரோனாவாகவும் இருக்கலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. மறுமுனையில் இருந்த பெண் அடுத்தடுத்துக் கேட்டாள். சிவப்பா? ஆமாம். தலைவலி? ஆமாம். வாந்தி? ஆமாம். பொய்யாக அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆமாமும் ஆஸ்பத்திரிக் கதவை அவளிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தது.

வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி உள்ளே விடவில்லை. முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு அணிந்த சித்தி ஹாஜரா என்ற மலாய்த் தாதி, மூக்குக்குள் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டாள். ரிசல்ட் வரும்வரை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றாள்.

கூட வந்த காமினி மலாயில் மன்றாடினாள். "மிஸ்ஸி, இது ஒட்டுற நோய் இல்ல. அம்மாவுக்கு உள்ளுக்குள்ள வலிக்குது."

"புரியுதும்மா. டாக்டர் கண்ணப் பாக்கணும்னா மூஞ்சிக்கு மூஞ்சி ஒரு சாண் தூரத்துல உக்காரணும். ஒரு டாக்டரை ஏற்கெனவே தனியா வெச்சிட்டாங்க. இப்ப இருக்கிறவரு ஒருத்தர்தான். அவரும் படுத்துட்டா?"

தாதி எரிந்து விழுந்திருந்தால் காமினி சண்டை போட்டிருப்பாள். அவள் குரலிலோ பயம்தான் இருந்தது.

ஜெயலெட்சுமி முஷ்டியை மடக்கிக் கண்ணில் வைத்து, இங்கே, உள்ளே என்று அழுத்திக் காட்டினாள். "கண்ணத் தொடாதீங்க அக்கா!" என்று பதறிய தாதி, அவள் கையில் மருந்து நீரைப் பீய்ச்சி அடித்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

வீட்டில் மோகனராஜ் விளையாட்டையெல்லாம் விட்டிருந்தான். வெளிச்சம் அவளுக்கு ஆகவில்லை என்று ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, அறையை இருட்டாக்கி, பனடோல் மாத்திரையும் சுடுநீரும் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தான். இருட்டில் கண்மணி விரியும், அவளுடைய நோய்க்கு அதுவே ஆகாது என்று பிறகு தெரிந்தபோது, அவனால் அந்தப் போர்வைகளைத் துவைத்து மடிக்க முடியவில்லை. அப்படியே தூக்கிப் போட்டான்.

இரண்டு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. கொரோனா இல்லை.

டாக்டர் தமிழர். கண் பார்க்கும் கருவியின் நடுவில் பிளாஸ்டிக் தட்டி தொங்கியது. அதற்கு அந்தப் பக்கமிருந்து அவள் கண்ணை நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

"வந்தேன் டாக்டர்."

அவள் மறுபடி சொன்னாள். "அன்னைக்கே வந்தேன் டாக்டர். வெளியதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி அடைத்து, அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொட்டு மருந்து கொடுத்தார். இடக்கண்ணுக்கும் அதே கதி வராமலிருக்க இரண்டு கண்ணிலும் லேசரால் துளை போட்டார். வலி போனது. வலக்கண்ணில் மிஞ்சியது, ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம்.

வேலைக்குத் திரும்பியதும் மைக்ரோஸ்கோப்பின் இரண்டு குழலிலும் பழக்கம்போல் இரண்டு கண்ணையும் வைத்தாள். சில்லின் மேடு பள்ளம் தெரியவில்லை; படம் போலத் தட்டையாகக் கிடந்தது. அன்று அவள் விட்ட வெடிப்பை அடுத்த கட்ட மெஷின் பிடித்தது. சலேஹா யாருக்கும் தெரியாமல் அந்தச் சில்லை எடுத்துத் தனியே போட்டாள். அதை மூன்று முறை செய்த பிறகு அவளாலும் மறைக்க முடியவில்லை. ஜெயலெட்சுமியை பேக்கிங் பக்கம் மாற்றினார்கள்.

இப்போது கூடாரமும் இல்லை, தட்டியும் இல்லை. ஆனால் இடக்கண் கொஞ்சம் உறுத்தினாலும் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுகிறாள். ஒட்டுகிற நோய் இல்லை, உள்ளே வலிக்கிறது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதை மலாயில் காமினியிடம் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். போன வாரம் கவுண்டரில் ஒரு புதுப் பெண் இருந்தாள்.

"சாக்கிட் மாத்தா கா, அக்கா?"

மனப்பாடம் செய்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்று உறுத்தல் மட்டும்தான், வலி ஏதும் இல்லை.

"இல்ல," என்றாள் ஜெயலெட்சுமி. "வலிக்கிறதுக்கு முன்னாடியே வந்திருக்கேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, வலி இல்லையென்றால் அவசரம் இல்லை என்று வரிசையின் கடைசி நம்பரைக் கிழித்துக் கொடுத்தாள்.