மச்சாள் நின்றுகொண்டு எழுதிய பரீட்சை

"பங்களாதேசத்தின் தலைநகரம் டாக்கா" என்று மச்சாள் வயலுக்குள் நின்று கத்திய கத்தலில், கதிரில் இருந்த கிளிகள் எல்லாம் சடசடவென்று எழும்பிப் பறந்தன. அடுத்த கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டு அவள் வரம்பில் ஓடினாள். எங்கள் ஊரான பூவரசங்குளத்தில் நெல் முற்றும் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் கிளி கலைக்கப் போவது வழக்கம். தகரம் தட்டுவார்கள், கூவுவார்கள். மாமி வீட்டில் அந்த வேலையை மச்சாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கதிரையில் உட்கார்ந்து படித்தால் அவளுக்கு ஒரு பக்கம் தாண்டாது, ஓடிக்கொண்டு கத்தினால் ஒன்றும் மறக்காது. பக்கத்து வயல்காரர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். "அங்கேருந்து கிளியெல்லாம் நம்ம பக்கம் வருது பாப்பா. இங்கேயும் வந்து நாலு கேள்வி படிச்சிட்டுப் போ" என்றார். அவள் உண்மையாகவே போய்ப் படித்தாள்.

சட்டம் படிப்பதற்கான நுழைவுப் பரீட்சைக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. சின்னதிலிருந்தே அவள் வாய் சும்மா இருந்து நான் கண்டதில்லை. வழக்காட அதைவிட வேறென்ன வேண்டும் என்று பகிடி பண்ணுவேன். ஆனால் பரீட்சை மண்டபம் அவளை மூன்று தடவை துரத்திவிட்டது. முதல் தடவை எல்லாவற்றையும் கடகடவென்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்பது வெளியே மற்றவர்கள் கதைக்கும்போதுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை ஊருக்குள் வரும் யானைகளைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பாவி, யானையைக் கண்டதும் மற்றக் கேள்விகளை மறந்துபோனாள்.

அதற்குப் பிறகுதான் வவுனியா ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அவளோடு நீண்ட நேரம் கதைத்து, இது அக்கறையின்மை இல்லை, மனதை ஓரிடத்தில் நிற்கவிடாத ஏ.டி.எச்.டி. என்றார். மருந்து கொடுத்தார். எழும்பி நின்று எழுத விடச் சொல்லிப் பரீட்சை மண்டபத்தில் கேட்கலாம் என்றும் சொன்னார். மச்சாளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தான் சோம்பேறி இல்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டது அன்றைக்குத்தான். மாமிக்கோ முகம் கறுத்துவிட்டது. "உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு இவளைப் பொம்பிளை கேட்டு ஆர் வருவினம்?" என்று திரும்பி வரும் பஸ்ஸில் வைத்தே, துணைக்குப் போயிருந்த என்னிடமும் மச்சாளிடமும் வாக்கு வாங்கினா.

அதனால் மூன்றாம் தடவையும் மச்சாள் வாயைத் திறக்காமல் கதிரையில் உட்கார்ந்தே எழுதினாள். "இருக்கிறதிலயே மூளை முழுக்க முடிஞ்சுபோச்சடி, எழுத ஒண்டும் மிஞ்சேல்ல" என்று வந்து அழுதாள். எனக்கு மாமியில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாமி அதோடு நிற்கவுமில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை, அதுவும் சரிவராவிட்டால் கலியாணம் என்று முடிவாகச் சொல்லிவிட்டா.

நாலாம் தடவை கொழும்புக்குத் துணையாகப் போனது நான். பரீட்சை முடிந்து அவள் வாசலுக்கு வந்த வேகத்தைப் பார்த்து இந்த முறையும் சரிவரவில்லை என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். ஏறி உட்கார்ந்ததும் கொட்டத் தொடங்கினாள்.

"கேட்டனானடி. எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு, கதிரையிலை இருந்தால் மூளை ஓடாது, பின்னுக்கு நிண்டு எழுதட்டோ எண்டு மேற்பார்வையாளரிட்டைக் கேட்டனான். அந்த மனுசன் ஒண்டும் துருவேல்ல. பின்சுவரோடை இருந்த உயரமான மேசையைக் காட்டி, ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எழுதுங்கோ எண்டிட்டார்."

காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, எல்லாப் பக்கத்தையும் திருப்பி, எல்லாக் கேள்விக்கும் எழுதியிருக்கிறாள். போன தடவையே இதைக் கேட்டிருக்கலாமே என்று நான் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கையிலிருந்த வடையைக் கடிக்க மறந்து, வவுனியா வரும்வரை அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் அலுக்கவில்லை. பெறுபேறு வராமலே வென்றுவிட்டது போல இருந்தது எங்களுக்கு.

பெறுபேறு வந்த அன்று போனை மாமியிடம் நீட்டி, "நீங்கள் பாருங்கோ அம்மா, நான் வரி மாறி வாசிச்சுப்போடுவன்" என்றாள். மாமி குசினி வாசலில் நின்று, சித்தியடைந்தவர்களின் பட்டியலில் இருந்த அவளின் சுட்டெண்ணை இலக்கம் இலக்கமாக வாசித்தா. சரியாக இருந்தது. மறுபடி வாசித்தா, அப்போதும் சரியாகவே இருந்தது. நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வயல்காரர் பாம்போ என்று தடியோடு ஓடிவந்தார்.

மச்சாள் இப்போது கொழும்பில் சட்டம் படிக்கிறாள். போன மாதம் லீவில் வந்து நின்றபோது, வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் கேட்டு வந்தது. நல்ல இடம். தேத்தண்ணித் தட்டோடு குசினிக்குள் நின்ற எனக்குப் பழைய வாக்கு நினைவுக்கு வந்தது, பல்லைக் கடித்தேன். அதற்குள் விறாந்தையில் மாமியின் குரல் கேட்டது.

"முதலே ஒண்டு சொல்லிப்போடுறன். என்ரை பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு. நாலாந்தரம் நிண்டுகொண்டு எழுதிப் பாஸ் பண்ணினவள். இதைக் கேட்டு எழும்புறதெண்டால் இப்பவே எழும்புங்கோ, தேத்தண்ணி வரமுந்தி."