தெருக்குழாய்த் தண்ணீருக்கு ஒரு மனு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தவளுக்கு நாத்தனார் வைத்த பெயர் ‘துப்பறியும் அண்ணி’. பால்காரர் ஒரு நாள் சிரித்துவிட்டால், இன்றைக்குப் பாலில் தண்ணீர் கூடுதல் என்று கணக்குப் போடுகிற மனசு அது.

ஒரு பெருமழைக்குப் பிறகு தெருக்குழாயில் ஒரு வாடை. மகளுக்கு வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வந்தது. குடிநீர் அலுவலகத்தில் புகார் சொல்லப் போனால், "பரிசோதனை பண்ணியாச்சு, தண்ணி சுத்தம்" என்று ஒரே பாட்டு. அப்படியானால் அந்த முடிவுகளைக் காட்டுங்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட்டாள்.

அதுவரை அவள்தான் ஊரைச் சந்தேகப்பட்டாள். மனு போட்டதும் ஊர் அவளைச் சந்தேகப்பட்டது. இவளுக்குப் பின்னால் எந்தக் கட்சி என்று தெருவே கிசுகிசுத்தது. வீட்டுச் சொந்தக்காரர் வாசலிலேயே நின்று, "ஆபீஸ்காரங்களோட நமக்கு எதுக்கும்மா வம்பு? நாளைக்கு என் வீட்டு பிளானைக் கிளறுவாங்க" என்றார். அலுவலக எழுத்தரோ போனில் குழைந்தார்: "ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாயாலயே சொல்லிருப்போமே மேடம். மனுவை வாபஸ் வாங்கிடுங்களேன்."

"தேன் ஒழுகப் பேசுறான், என்னமோ இருக்கு" என்றாள் கணவனிடம்.

"திட்டினாலும் சந்தேகம், கொஞ்சினாலும் சந்தேகமா?" என்றான் அவன்.

கோப்புகளை நேரில் வந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது. நாத்தனாரைத் துணைக்குக் கூட்டிப் போனாள். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

தாளுக்குத் தாள் ‘சுத்தம்’ என்றே இருந்தது. அவள் முகத்தில் அசடு வழிந்தது. இத்தனை பேரை வீணாகப் பகைத்துக்கொண்டோமோ? அப்போது நாத்தனார் ஒரு வரியில் விரல் வைத்தாள். "அண்ணி, இந்தத் தண்ணியெல்லாம் எங்க புடிச்சது பாருங்க."

எல்லாம் நீரேற்று நிலையத்துக் குழாயில் பிடித்தது. தெருவில் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை.

"வழக்கமா அங்கதாம்மா எடுப்போம்" என்றார் அதிகாரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப எங்க தெருவுலயும் எடுங்க சார். எடுக்கிறப்ப நாங்க பக்கத்துலயே நிப்போம்."

எடுத்தார்கள். முடிவு மோசமாக வந்தது. தோண்டிப் பார்த்தால், உடைந்த குழாய்க்குள் சாக்கடை கசிந்துகொண்டிருந்தது. புதுக் குழாய் போட்டார்கள். மகள் தேறிப் பள்ளிக்கூடம் போனாள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வீட்டுச் சொந்தக்காரர் தெருவெல்லாம் பெருமை பேசினார்.

அவள் மட்டும் புதுத் தண்ணீரைத் தம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள்.

"இப்ப என்ன?" என்றான் கணவன்.

"இவ்வளவு சீக்கிரமா வேலையை முடிச்சிருக்காங்களே, ஏன்?"